எண்ணெய் கம்மி ஒண்ணு

என் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நடந்தது எதுவும் விளங்காது.

பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் நான் பதினெட்டு வருடமாக சப்ளையர். கடை ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். வாசலில் கல்லா, நடுவே பதினோரு மேசை, கடைசியில் ஒரு சுவர், சுவரில் சின்ன ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாஸ்டரும் அவருடைய அடுப்புகளும். புகையை இழுக்க அங்கே ஒரு விசிறி ஓடும் பாருங்கள், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அதைத் தாண்டி ஆர்டர் மாஸ்டர் காதில் விழ வேண்டும். சீட்டு எழுதுகிற பழக்கம் எங்கள் கடையில் கிடையாது. எல்லாம் வாய்தான். என்ன வேண்டும், எத்தனை, எந்த மேசைக்கு என்று நான் நின்ற இடத்திலிருந்தே கத்துவேன். மாஸ்டர் கரண்டியால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார். கேட்டுவிட்டது என்று அர்த்தம். டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்பீக்கர். அதில் எனக்குப் பெருமைதான், எதற்கு மறைக்க வேண்டும்?

கோபமும் எனக்கு ஒரு பிடி கூடுதல். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை, கடையின் பின்வாசலில் வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது என் அக்கா வந்து நின்றாள். அவள் இந்தப் பக்கம் வருகிறவளே இல்லை. முகத்தைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே கீழே போட்டேன்.

"உன் மச்சானுக்கு முந்தாநாள் நெஞ்சை அடைச்சிடுச்சுடா" என்றாள்.

"என்னக்கா சொல்ற? நேத்து மத்தியானம்கூட இங்கதானே சாப்பிட்டாரு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பி ஒரு நாள் ஆகல. இங்க வந்து பொரிச்ச மீன் ரெண்டு துண்டு, மேல எண்ணெய் மிதக்குற குழம்பு, எல்லாத்தையும் ஒரு பிடி பிடிச்சிட்டு வந்திருக்காரு. நீதான் தட்டு வச்சியாமே?"

வைத்தேன்தான். தெரியாமல் வைத்தேன். இரண்டாவது துண்டு மீனை நானாகத்தான் போட்டேன், சொந்தக்காரர் ஆயிற்றே என்று.

அக்கா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இது எச்சரிக்கைதான், வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னாராம். ரத்த அழுத்தம்தான் கண்டபடி எகிறிக் கிடக்கிறதாம். மாத்திரையோடு உப்பையும் எண்ணெயையும் குறைக்காவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கையாக இருக்காது என்றாராம். மூன்று மாதத்தில் டிப்போவில் டிரைவர்களுக்கு வருடாந்தர உடல் பரிசோதனை. அதில் அழுத்தம் இதே மாதிரி நின்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவுகிற இடத்தில் போட்டுவிடுவார்கள். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டிய மனிதர்.

"வீட்லேர்ந்து டப்பா கட்டிக் குடுத்து விடேன்."

"குடுக்காமலா? அப்படியே திருப்பிக் கொண்டு வந்தாரு. இத்தனை வருஷமா எல்லாரும் ஒரே மேசைல உக்காந்து சாப்பிட்டுட்டு, இப்ப நான் மட்டும் டப்பாவைத் திறந்தா ஏன்னு கேப்பாங்களாம். ஒருத்தனுக்குத் தெரிஞ்சா டிப்போவுக்கே தெரிஞ்ச மாதிரியாம். நீயும் மூச்சு விட்டுடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்?"

"உன் வாயை நம்பி எதையும் சொல்லக் கூடாதுடா. வேற வழி இல்லாம சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததால் திருப்பிப் பேசவில்லை.

அந்த வாரம் புதன்கிழமைதான் ஸ்கூட்டர் மேடம் வந்தார். சுகாதாரத் துறையில் வேலை, நாற்பது வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடி பாதி ஒட்டியும் பாதி நட்டுக்கொண்டும் நிற்கும். தெருத் தெருவாக ஓட்டல்களுக்குப் போய், மெனுவில் உடம்புக்கு நல்லதாக ஒன்றிரண்டு சேருங்கள் என்று கேட்பதுதான் அவர் வேலை. பாதிக் கடைகளில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா. ஒரே ஒரு சாப்பாடு. எண்ணெய் கம்மி, உப்பு கம்மி, தட்டுல பாதி காய்கறி. மூணு மாசம் வச்சுப் பாருங்க" என்றார்.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "இங்க வர்றவங்க பசிக்குதுன்னு வர்றாங்க மேடம். வைத்தியம் பாத்துக்க வரல."

ஜன்னல் வழியாக மாஸ்டரின் தலை எட்டிப் பார்த்தது. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு வேணும்னா ஆஸ்பத்திரில போய்ப் படுக்கச் சொல்லுங்க. என் அடுப்புல அதெல்லாம் ஏறாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் ஏறாது? செஞ்சு பாத்தாதானே தெரியும்! வாயிலேயே சமைச்சா எப்படி?" என்று கத்திவிட்டேன்.

தண்ணீர் டம்ளரை மாற்றியதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் நான். நானா இதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று முதலாளியம்மா வாயைப் பிளந்தார். காரணத்தைச் சொல்ல முடியுமா? மேசை துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, மேடம் கெட்டிக்காரர். சமையல் சொல்லித்தருகிற மாதிரி மாஸ்டரிடம் பேசவே இல்லை. "உங்க கையளவு எவ்வளவுன்னு பாக்கணும் மாஸ்டர், அவ்வளவுதான்" என்றார். மாஸ்டர் எப்போதும்போல எண்ணெய் டின்னைச் சாய்த்தார். சட்டியில் விழுந்ததை மேடம் கரண்டியால் அள்ளி அளந்தார். எட்டுக் கரண்டி. "ரெண்டு கரண்டில உங்களால முடியுமா?" என்று கேட்டார். முடியுமா என்று கேட்டால் போதும், எங்கள் மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். இரும்புக் கல்லைக் காயவைத்து, பூண்டும் மிளகும் எலுமிச்சையும் தடவி, இரண்டே கரண்டி எண்ணெயில் மீனை வாட்டி எடுத்தார். பக்கத்தில் கீரை, இரண்டு வகைக் காய், கொஞ்சம் சோறு, மேலே எதுவும் மிதக்காத குழம்பு. நான்தான் ருசி பார்த்தேன். வீம்புக்குச் செய்தாலும் அந்த மனிதர் கைக்கு மோசமாக வராது. அடடா என்றிருந்தது.

"மூணு மாசம். அதுக்குள்ள ஓடலைன்னா எடுத்துருவேன்" என்றார் முதலாளியம்மா. மேடம் மெனு பலகையில் அந்தச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பச்சை இலை போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மச்சான் பிழைத்தார், அவர் ஸ்டியரிங்கும் பிழைத்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு மணிக்கு டிரைவர்கள் வந்தார்கள். எட்டாம் மேசை அவர்களுடையது, எட்டுப் பேர். நடுநாயகமாக மீசைக்காரர். ஆள் ஆறடி, மீசையில் அரை அடி, வாய் அதைவிட நீளம். யாரையாவது கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஓரத்தில் என் மச்சான். இலை போட்ட சாப்பாட்டைப் பற்றி முந்தின நாள் ராத்திரியே அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் கண்ணைக் காட்டினேன். மச்சானும் புரிந்துகொண்டு, பலகையைப் பார்க்காமலேயே, "அந்த இலை போட்டது ஒண்ணு" என்று வாய்க்குள்ளேயே முனகினார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

"எட்டாம் மேசைக்கு எண்ணெய் கம்மி, உப்பு கம்மி, ஒண்ணேய்!"

கரண்டிச் சத்தம் கேட்டது. கூடவே பதினோரு மேசையும் திரும்பியது. இரண்டாம் மேசையில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த அம்மாள்கூட மச்சானை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்.

"யாருய்யா அது பத்தியம்?" என்றார் மீசைக்காரர். "என்னப்பா, டாக்டர் நாள் குறிச்சிட்டாரா? முன்னாடியே சொல்லு, லீவு போடணும்."

மேசை முழுக்க ஒரே சிரிப்பு. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "சும்மா என்னன்னு கேட்டேன்ப்பா. மாத்திரு, எனக்கு வழக்கமானதே கொண்டா" என்றார். பொரித்த மீனைத்தான் கொண்டுபோய் வைத்தேன்.

இந்த இடத்தில் புத்தி இருக்கிறவன் என்ன செய்திருப்பான்? யோசித்திருப்பான். எனக்குத்தான் அது இல்லையே. சாப்பாட்டின் அருமை ஜனங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் எல்லோரும் கேட்பார்கள், அப்புறம் மச்சானை யார் கேலி செய்வார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டது. அடுத்த நாளிலிருந்து யாராவது தப்பித்தவறி இலை போட்டதைக் கேட்டுவிட்டால் போதும், விளம்பரத்தோடு கத்த ஆரம்பித்தேன். "நெஞ்சுக்கு நல்லது ஒண்ணேய்! ரத்தத்துக்கு நல்லது ரெண்டேய்!" ஒரு கல்யாணமாகாத பையன், பெண்பார்க்கப் போகிற அன்றைக்கு வயிறு லேசாக இருக்கட்டும் என்று அதைக் கேட்டுவிட்டு, நான் கத்தியதும் எழுந்தே போய்விட்டான். அவனுக்கு என்ன ரோஷம் என்று அவனையும் திட்டினேன்.

இரண்டாவது வாரம் மச்சான் வருவதை நிறுத்திவிட்டார்.

அக்காவின் போன் வந்தது. எடுத்ததுமே, "உன்னை எந்த நேரத்துல பெத்தாங்களோ!" என்றாள். "பெட்ரோல் பங்க் பக்கத்துல தள்ளுவண்டி நிக்குதாமே, அங்க நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போறாராம். அந்த எண்ணெய் என்ன எண்ணெயோ, எத்தனை நாள் எண்ணெயோ! ஏன்யா உன் மச்சினன் கடைக்குப் போகலைன்னு கேட்டேன். என் வியாதியை உன் தம்பி ஊரைக் கூட்டி ஏலம் போடறான், இனிமே அந்தப் படி ஏற மாட்டேன்னுட்டாருடா."

"நான் நல்லதுக்குத்தானேக்கா…"

"நல்லதுக்குத்தான். நீ எப்பதான் கெட்டதுக்குச் செஞ்சிருக்க? ஆனா ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகுது."

போனை வைத்துவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் போய் நின்றேன். முதலில் அக்கா மேல் கோபம் வந்தது, பிறகு மச்சான் மேல், பிறகு மீசைக்காரர் மேல். எல்லோர் மேலும் வந்து முடிந்த பிறகு பார்த்தால், மிச்சம் நான் ஒருவன்தான் இருந்தேன். மச்சான் அந்தச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கேட்டார். என் தொண்டைதான் அதை அவரிடமிருந்து பிடுங்கியது. அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சரி, சீட்டு எழுதிக் கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். என் கையெழுத்து எனக்கே புரியாது. மாஸ்டர் கண்ணாடி போட மாட்டார், ஆவி படிந்துவிடுகிறதாம். ஏழாம் மேசைக்கு முட்டை கேட்டால் ஒன்றாம் மேசைக்குச் சூப் போனது. ஒரே மத்தியானத்தில் கடை நாறிவிட்டது. அடுத்த நாள் ஜன்னலோரம் போய்க் காதோடு காதாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மாஸ்டர், அஞ்சாம் மேசைக்கு அந்த… எண்ணெய் கம்மி."

"என்னது?"

"எண்ணெய் கம்மி."

"எண்ணெய் கம்மியா? அஞ்சாம் மேசைக்கா?" என்று அவர் போட்ட சத்தத்தில், நான் கத்தியிருந்தாலே தேவலை என்று ஆகிவிட்டது. அஞ்சாம் மேசையில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை மேடம் வந்தார். ஒரு நாளைக்கு நான்கு தட்டுகூடப் போகவில்லை. அவரிடம் மட்டும், யார் என்று சொல்லாமல், எனக்கு வேண்டிய ஒருவர் விஷயம் என்று நடந்ததைச் சொன்னேன். மேடம் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "மத்த கடைலயும் இதே கதைதான். அந்த இலையைப் பாத்தாலே எனக்கு ஒண்ணும் இல்லன்னுடறாங்க. என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வழி பிறந்தது மறுநாள். யோசித்தெல்லாம் பிறக்கவில்லை. எனக்கு யோசனை எங்கே வரும்? கோபம்தான் வரும்.

ஒரு மணி. எட்டாம் மேசையில் ஏழு பேர். மச்சானின் இடம் காலி. மீசைக்காரர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "என்ன ஸ்பீக்கர், உங்க மச்சானைக் காணோம்? எண்ணெய் கம்மியாகி மெலிஞ்சு, ஜன்னல் வழியாக் காத்துல போயிட்டாரா?" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.

"எனக்கென்ன, வழக்கம்போலத்தான்."

திரும்பினேன். இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டினேன்.

"எட்டாம் மேசை மீசைக்காரருக்கு, எண்ணெய் கூட, உப்பு கூட, பொரிச்சது ஒண்ணேய்!"

பதினோரு மேசையும் திரும்பியது. இந்தத் தடவை எல்லோர் கண்ணும் மீசைக்காரரின் மீசையைத் தாண்டி நேரே தொப்பைக்குப் போனது. அன்றைக்கும் வந்திருந்த இரண்டாம் மேசைக் குழந்தை, "அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் எண்ணெய் கூட?" என்று கேட்டது. அம்மாள், "சும்மா இரு, அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று அதட்டினார். அதுதான் அவரை இன்னும் கூச வைத்தது.

மீசைக்காரர் இருபுறமும் பார்த்தார். "எதுக்குய்யா இப்படிக் கத்துற? எல்லாரும் சாப்பிடறதுதானே நான் கேட்டேன்?"

"நீங்க கேட்டதைத்தான் சொன்னேன்."

"வேணாம்ப்பா. அந்த வாட்டின மீனையே குடு. சும்மா குடு. கத்தாத."

அவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும், "எங்களுக்கும் அதேதான், கத்தாம" என்றார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். பதினெட்டு வருடமாக எதைக் கத்துகிறேன், எதைக் கத்தாமல் விடுகிறேன் என்று நினைத்தே பார்த்ததில்லை. எல்லோரும் சாப்பிடுவதைச் சாப்பிட யாருக்கும் வெட்கம் இல்லை. தனியாகப் பெயர் சொல்லிக் கத்தினால்தான் வெட்கம். அது நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி.

மூன்று மணிக்குக் கடை காலியானதும் முதலாளியம்மாவையும் மாஸ்டரையும் உட்கார வைத்துப் பேசினேன். இனிமேல் வாட்டின மீன் சாப்பாட்டுக்குப் பெயரே வேண்டாம். சாப்பாடு என்றால் அதுதான், நான் கத்தாமலே மாஸ்டர் தட்டுகளை வரிசையாக ஜன்னலில் வைத்துவிட வேண்டும். பொரித்தது வேண்டுமென்றால் கேட்டு வாங்கட்டும், நான் கத்துகிறேன்.

"யாவாரம் படுத்துட்டா யாரு பொறுப்பு?" என்றார் முதலாளியம்மா.

"ஒரு வாரம் பாருங்கம்மா. படுத்துட்டா என்னை நிறுத்திடுங்க."

"உன்னை நிறுத்தினா இந்த விசிறிச் சத்தத்துல யாருய்யா கத்துறது?" என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாஸ்டருக்குத்தான் மனசு தாங்கவில்லை. "என் வறுவலைக் கேட்டு வாங்கணுமா? எத்தனை வருஷத்து வறுவல் தெரியுமா?"

"மாஸ்டர், எட்டுக் கரண்டி எண்ணெய் ஊத்தினா செருப்பைப் போட்டாக்கூட ருசியா இருக்கும். ரெண்டு கரண்டில ருசி வர்றது உங்க கைக்குத்தான் வரும்" என்றேன். இது காக்கா பிடிப்பதற்காகச் சொன்னதில்லை, சத்தியமான பேச்சு. அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், மறுநாளைக்கு எத்தனை கிலோ கீரை வேண்டும் என்று கேட்டார்.

பலகையை அழித்து எழுதினோம். மேலே பெரிதாக, சாப்பாடு: வாட்டிய மீன், இரண்டு காய், கீரை, குழம்பு. கடைசியில் சிறிதாக, பொரித்த மீன் வேண்டுவோர் கேட்கவும். பச்சை இலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடுத்த புதன்கிழமை வந்த மேடம், "என் இலை எங்க?" என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பக்கத்துத் தெரு ஓட்டலில் சொல்லிப் பார்க்கிறேன் என்று அப்போதே கிளம்பிவிட்டார். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அதற்கு முன்பே நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பலகையை எழுதின மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பெட்ரோல் பங்குக்கு ஓடினேன். மச்சான் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து, காகிதத்தில் எண்ணெய் ஊறிய எதையோ தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மச்சான், தப்பு என் மேலதான். என்னை ரெண்டு அடிகூட அடிங்க."

"அடிக்கிறதா? உன் சத்தத்துல எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு மாப்ள. டிரைவருக்கு முடியலைன்னு ஒருத்தன் பாக்குற பார்வை இருக்கே, அதைத் தாங்க முடியாது. எனக்கு அந்த சீட்டைத் தவிர என்ன தெரியும் சொல்லு?"

"இனிமே உங்களுக்காக வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் எதுவும் கேக்க வேணாம். வந்து உக்காந்தாப் போதும்."

"நீயாவது, வாயைத் திறக்காம இருக்கிறதாவது."

"வந்துதான் பாருங்களேன்."

கையில் இருந்ததை ஒரு நிமிடம் பார்த்தார். நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்தார். ரோட்டைக் கடக்கும்போது என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். எனக்கு வேறென்ன வேண்டும்?

அன்றைக்கு எட்டாம் மேசையில் எட்டுப் பேர். யார் எதுவும் கேட்பதற்கு முன்பே தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி. யாரும் யாரையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. எதிரணிக்காரன் கோல் போட்ட கதையைப் பேசிக்கொண்டே கீரையைத் தின்று முடித்தார்கள். உப்பு குறைகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் அடங்கிவிட்டார்.

முதல் வாரம் பொரித்தது நிறையப் போனது, மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கடமை தவறாமல் கத்தினேன். இரண்டாம் வாரம் பாதியானது. ஒரு மாதத்தில், வெளியூர் லாரிக்காரர்கள் யாராவது வந்தால்தான் எனக்குத் தொண்டை திறக்கிற வேலை. வியாபாரம் படுக்கவில்லை. முதலாளியம்மாவே மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். கடையில் இருக்கிறவர்கள் பேசுவது எனக்குக் கேட்க ஆரம்பித்தது. யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் மகள் பரீட்சையில் தேறினாள் என்று பதினெட்டு வருடத்தில் தெரியாததெல்லாம் இரண்டு மாதத்தில் தெரிந்தது.

பரிசோதனை நாளும் வந்தது. காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு டம்ளரை உடைத்தேன். ஒன்றேகால் மணிக்கு டிரைவர்கள் கூட்டமாக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். மச்சான் கடைசியில் வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. தட்டுகளோடு மேசைக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

மச்சான் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு மேசையே கேட்கிற மாதிரி சொன்னார். "ஸ்டியரிங் என் கையிலதான் மாப்ள."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது.

"உனக்கென்னய்யா, எப்பவும் உன் கையிலதானே?" என்றார் மீசைக்காரர்.

"இல்லப்பா. மூணு மாசத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்சை அடைச்சுது. பிரஷர் ஏறிக் கிடந்துச்சு. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு இறங்கியிருக்கு. டாக்டர் நல்லா இருக்கேன்னுட்டாரு." சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். "இனிமே இதை பாத்ரூம்ல நின்னு முழுங்க வேணாம்னு பாக்குறேன்."

நான் மீசைக்காரரைத்தான் பார்த்தேன். ஒரு கேலி, ஒரே ஒரு கேலி பேசட்டும், குழம்பைத் தலையில் ஊற்றிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். அவர் மெதுவாகத் தன் பேன்ட் பைக்குள் கையை விட்டார். ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, மச்சானுடைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு நாலு வருஷம். வீட்ல மட்டும்தான் தெரியும்" என்றார். அந்தக் குரல் அவருடையதா என்றிருந்தது.

அவருக்கு எதிரே இருந்தவர் பர்ஸுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பையைத் திறந்தார். இன்னொருவர், சர்க்கரைக்கு என்று சொல்லி வெள்ளை அட்டை ஒன்றை வைத்தார். எட்டுப் பேர் மேசையில் ஐந்து அட்டை. இத்தனை வருடமாகத் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு தின்றிருக்கிறார்கள். எனக்குக் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் தட்டுகளோடு அப்படியே நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து மாஸ்டர் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிட்டார். மத்தியான நேரத்தில் அவர் அடுப்பை விட்டு வந்து நான் பார்த்ததில்லை. மேசையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்தார்.

"எனக்கு ரெண்டு வேளை" என்றார். "ருசி பாத்துப் பாத்து வந்தது."

மீசைக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். முதலாளியம்மா கல்லாவிலிருந்து, "மாஸ்டர், கல்லுல மீன் கருகுது!" என்று கத்த, அவர் உள்ளே ஓடினார். நான் தட்டுகளை வைத்தேன். அன்றைக்கு அந்த மேசை இரண்டாம் தடவை சோறு கேட்டது, மூன்றாம் தடவை கீரை கேட்டது.

எல்லோரும் கை கழுவப் போனபோது மச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்பவாவது பாத்திருக்கியா மாப்ள?"

"எதை?"

"பிரஷரை. பதினெட்டு வருஷமா மிச்ச வறுவலெல்லாம் நீதானே சாப்பிட்ட? பொசுக்குனு கோவம் வருது, முகம் செவந்து போகுது, போன வாரம் எங்க வீட்டு மாடிப்படில ஏறும்போது சுவரைப் பிடிச்ச. நான் பாத்தேன்."

"எனக்கென்ன மச்சான், நான் கல்லு மாதிரி இருக்கேன்!" என்று சட்டென்று குரலை உயர்த்திவிட்டேன். இரண்டு மேசை திரும்பிப் பார்த்தது. என் முகம் சூடாவது எனக்கே தெரிந்தது. துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். ஆறு மாதமாகவே படியேறினால் மூச்சு வாங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மச்சான் எழுந்து என் பக்கம் குனிந்தார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு டிப்போ வாசலுக்கு வா. டாக்டர்கிட்ட நானும் கூட வரேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.